நரியார் வாசலில் விழுந்த பனி

ஒரு காட்டில் வருடத்தில் பாதி நாள் பனி பெய்தது. மீதி நாள் பனியைப் பற்றிக் கூட்டம் நடந்தது.

அங்கே பனியின் கனத்தை அளக்கும் அதிகாரி குணசீலன் என்ற நரி. மரம் அடர்ந்த, காற்று நுழையாத பள்ளத்தில் அவருக்கு அலுவலகம். குளிர்காலத்தின் முதல் பனி விழுந்ததும் வாசலில் ஒரு படி அள்ளி எடை போடுவார். இலவம்பஞ்சாக இருக்கும். பருவம் முடியும்வரை காடு முழுவதற்கும் ஒரு படிப் பனியின் கனம் அதுதான். அதன்பிறகு வாலை நட்டு ஆழம் மட்டும் பார்ப்பார்; ஆழம் கூடினால் கனம் கூடியதாகக் கணக்கு.

குளிர் முடியும் நேரத்தில், மொட்டை மேட்டில் குடியிருந்த முயல் பவளக்கொடி ஒரு பனிக்கட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, மேட்டுப் பனியைக் காத்து அடிச்சு அடிச்சு இறுக்கிடுச்சு. இப்ப வெயில்ல ஊறி இன்னும் கனக்குது. வளைக்கூரை தொங்குது, உள்ளே குட்டிங்க இருக்கு. நாங்க ஒதுங்க அரசாங்கக் குகையைத் திறந்துவிடுங்க."

"கனம் கூடினால்தான் குகை. ஆழம் எவ்வளவு?"

"முன்னே காது மூழ்கிச்சு. இப்ப கழுத்தளவு."

"பனி குறைஞ்சிருக்கு. சந்தோஷப்படாம அழறியே!"

"குறையலை ஐயா, அமுங்கியிருக்கு. இதை எடை போட்டுப் பாருங்க."

"வெளியிடத்துப் பனியை இந்தத் தராசு ஏற்காதும்மா."

"அப்ப மேட்டுக்கு வாங்க."

"அங்கே காத்து அடிக்குதுன்னு நீயே சொல்றே. மனுஷன் வருவானா?"

பவளக்கொடி திரும்பி ஓடினாள். சில குட்டிகளைத்தான் வெளியே இழுக்க முடிந்தது. அதற்குள் கூரை உட்கார்ந்துவிட்டது.

அக்கம்பக்கத்தார் பனியைத் தோண்டி எறிந்து முடித்த பிறகு குணசீலன் பல்லக்கில் வந்தார். காலிக் குழியில் வாலை நட்டார். "பனியே இல்லையே!" என்றார்.

"இப்பவாவது குகையைக் கொடுங்க" என்றாள் பவளக்கொடி.

"கூரைமேல் கனம் கூடினால்தான் குகை. உனக்குத்தான் கூரையே இல்லையே."

மேட்டைப் பனியிலிருந்து மீட்டதற்காகச் சிறுத்தை ராஜா அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். பள்ளத்தில் அன்று நல்ல வெயில். பொன்னாடை கொஞ்சம் கனக்கிறது என்று நரியார் குறைபட்டுக்கொண்டார்.

நீதி: பனி எங்கே பஞ்சாக விழுகிறதோ, அங்கே அலுவலகம் கட்டுங்கள். அப்புறம் காட்டில் யார் தலைமேலும் பாரம் இருக்காது.