இடது காது திறந்த விவரம்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். மரியாதைக்காக எழுதும் சௌக்கியம் இல்லை, நிஜமான சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒரு காரியம் செய். உன் அத்தான் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார், நான் கல்லோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அதைக் கிழித்துப் போடு. மனுஷர் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்குத்தான் கேட்கவில்லை. இடது காதில் அழுக்கு அடைத்து மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறது. நேற்று அதை எடுத்தாகிவிட்டது. இப்போது பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கிறது. அதைக் கேட்பதற்காகவே இரண்டு பக்கம் எழுதலாம் போலிருக்கிறது.

எப்படி ஆரம்பித்தது என்று கேள். துணியை மேசையில் விரித்துவிட்டு எங்கே வெட்டுவது என்று யோசிக்கும்போது கொண்டை ஊசியைக் காதில் விட்டுக் குடைவேனே, அந்தப் பழக்கம்தான். ஒருநாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன், காது கதவைச் சாத்திக்கொண்டது. தண்ணீர்தான் என்று நினைத்துப் பஞ்சுக் குச்சியை விட்டேன், இன்னும் இறுகியது, தீக்குச்சியை விட்டேன், தலைக்குள் யாரோ கடல் வைத்த மாதிரி இரைய ஆரம்பித்தது, பக்கத்து வீட்டு அம்மா மெழுகுக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, இதைக் காதில் செருகிக் கொளுத்தினால் அழுக்கெல்லாம் உருகி மேலே வந்துவிடும் என்றார், நானும் புத்தியில்லாமல் தலையைச் சாய்த்தேன், காதோரத்து முடி கருகியதுதான் மிச்சம். வெளியே சொன்னால் செவிடி என்று பெயர் வந்துவிடும், தையல் கடைக்கு யார் வருவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் ஒரு வக்கீலம்மா தன் கறுப்புக் கோட்டைக் கொடுத்து, உடம்புப் பகுதியை மட்டும் பிடித்துத் தையுங்கள், "கையைக் குறைக்காதீங்க" என்றிருக்கிறார். எனக்கு "குறைங்க" என்று கேட்டது. நடுவில் இருந்த 'காதீ' மட்டும் என் காதில் ஏறவில்லை. முழங்கை வரைக்கும் குறைத்துவிட்டேன். வீட்டிலோ சாப்பாட்டு மேசை சுவரோரம், உன் அத்தான் உட்காருவது என் இடப் பக்கம். நான் கேட்டால் பதிலே வராது. அவ்வளவு திமிரா என்று நானும் பேச்சை நிறுத்தினேன். அவர் பஸ் ஓட்டிவிட்டு வருவார், என் முகத்தைப் பார்ப்பார், சாப்பிடுவார், படுத்துக்கொள்வார். அவர் நிம்மதியாகத் தூங்க, நான் அழுதுகொண்டு கிடப்பேன்.

வக்கீலம்மா கோட்டை வாங்க வந்த அன்று கடையே இரண்டானது. ஆத்திரம் தீரக் கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார்.

"அம்மா, பின்னாடி உங்க வீட்டுக்காரர் எவ்வளவு நேரமா கூப்பிடறார். உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

திரும்பினேன். வாசலில் உன் அத்தான், கையில் என் சாப்பாட்டுப் பாத்திரம். நான் மறந்து வைத்துவிட்டு வந்ததை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோட்டுக்கு என்ன செய்வது என்று தடுமாறினேன். "கோட்டை விடுங்க, முதல்ல காதைக் காட்டுங்க" என்றார் வக்கீலம்மா. கோட்டைவிட்டது நான்தான் என்பதை அவர் சொல்லவில்லை, பெரிய மனசு.

காது டாக்டர் சின்னப் பெண். விளக்கு வைத்த கருவியால் உள்ளே பார்த்துவிட்டு, வலி உண்டா, சீழ் வந்ததா, செவிப்பறையில் முன்பு ஓட்டை ஏதும் இருந்ததா என்று விசாரித்தார். என்னென்ன விட்டேன் என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். "கத்தரிக்கோல் மட்டும்தான் பாக்கியா?" என்றார். அன்றைக்கே நோண்டி எடுக்கவில்லை. ஊறுவதற்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பி, நேற்று மறுபடி வரச் சொன்னார். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயால் உறிஞ்சினார். காதுக்குள் புயல் அடித்தது. தலை லேசாகச் சுற்றுகிறது என்றேன், உடனே நிறுத்திக் காத்திருந்து, பிறகு தொடர்ந்தார். டப் என்று ஒரு சத்தம். உலகம் மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது. கடிகாரம், மின்விசிறி, யாரோ காகிதம் கிழிப்பது, என் மூச்சு. தட்டில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று கிடந்தது. அதோடுதான் நான் இத்தனை நாள் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

"இனிமே காதுக்குள்ள எதையும் விடாதீங்க. அழுக்கு தானா வெளிய வந்துடும். அடைச்சா இங்க வாங்க, நான் எடுத்துக்கறேன்" என்றார். அந்த 'விடாதீங்க' முழுசாகக் கேட்டது.

இப்போது முக்கியமான விஷயம். இன்று காலை படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்தேன். சமையலறையிலிருந்து உன் அத்தான் குரல்: "எழுந்துட்டியா, கண்ணு? பால் ஆறிடப் போகுது. உனக்குக் கோபம் வந்தா என்னால தாங்க முடியாதும்மா." தினமும் இப்படித்தான் கெஞ்சியிருக்கிறார், நான் பாவி கேட்கவில்லை. தலையணை நனைந்துபோயிற்று. அவரைப் போல ஒரு மனுஷரை எங்கே தேடினாலும் கிடைக்காது.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாகக் காது நன்றாகக் கேட்க, நூறு வயது இருக்க வேண்டும். பெரியவளுக்கும் சின்னவனுக்கும் என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் சமையலறைக்குப் போனேன். ஜன்னல் விளிம்பில் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் என் டம்ளரில் பால், பக்கத்தில் 'கண்ணு' என்று கொஞ்சியபடி உன் அத்தான். காலையில் கெஞ்சியது அதனிடம்தான். என்னோடு பேசவில்லையா என்று கேட்டேன். "நீதான் கோவமா இருக்கியேன்னு பேசாம இருந்துட்டேன்" என்கிறார். ஆகவே போன கடிதத்தைக் கிழித்திருந்தால் ஒட்டி வை, இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. நாளைக் காலை பூனைக்கு முன்னால் எழுந்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்ளப் போகிறேன்.