சங்கிலித்தாம் அண்ணையின் இரண்டாவது மெழுகுதிரி

ஸ்டுட்கார்ட்டில் குடியேறிய எங்கள் ஊர்ச் சனத்தில் சங்கிலித்தாம் அண்ணைக்குப் பயப்படாதவர் ஒருவர் இருந்தால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். பிறந்திருந்தால் அவருடைய ஞானஸ்நானத் தேதி அண்ணைக்குத் தெரிந்திருக்கும்.

சங்கிலித்தாம் என்றால் கோயிலில் மணி அடித்து, மெழுகுதிரி கொளுத்தி, பாதருக்கு எடுபிடி செய்பவர். மன்னாரில் எங்கள் ஊர்க் கோயிலில் அண்ணை அந்த வேலை பார்த்தவர். ஷெல் விழுந்து கோயிலோடு ஞானஸ்நானப் புத்தகமும் எரிந்துபோக, அதிலிருந்த பெயர்களும் தேதிகளும் மட்டும் அண்ணையின் தலைக்குள் ஏறி ஜெர்மனிக்கு வந்துவிட்டன.

இங்கே மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை. முடிந்ததும் அண்ணை வாசலில் நிற்பார். அகதி விண்ணப்பத்தில் வயதைக் கொஞ்சம் கழித்து எழுதிவிட்டு நிம்மதியாக வாழ்ந்த அக்காமார் எல்லாம் பக்கக் கதவால் நழுவுவார்கள். என் அம்மாவும் அந்தக் கதவால்தான் போவார். அவருக்கும் வயதுப் பிரச்சினைதான் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை ஐம்பதாவது பிறந்தநாள் கேக் வெட்டப் போன ஒருவரிடம், காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு மண்டபத்துக்கே கேட்க, "அது போன வருசம் முடிஞ்சுது தம்பி" என்றார் அண்ணை. கத்தி கேக்குக்குள் பாதியில் நின்றது.

என் விஷயத்தில் அவர் வேறு மாதிரி. தனியாக நிற்கும் என்னைப் பார்த்து, "ரெண்டு பேரும் சுகமோ, பிள்ளை?" என்பார். திரும்பிப் பார்ப்பேன். ஒருவரும் இருக்க மாட்டார்கள். கண்ணில் புரை விழுந்திருக்கும் என்று முதலில் பரிதாபப்பட்டேன். பிறகு பூசையில் என் பக்கத்தில் யாராவது உட்கார வந்தால், "அங்கை ஆள் இருக்கு" என்று வாங்குப் பலகையின் மறுமுனைக்கு அனுப்பத் தொடங்கினார். அன்றிலிருந்து அந்தப் பக்கத் தோள் மட்டும் எனக்குச் சில்லென்றிருக்கும். ஜெர்மன் கோயிலில் குளிராத தோள் ஏது என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மியூனிக்கில் எஞ்சினியர், திருச்சிக்காரர். மண்டபமும் எடுத்தாயிற்று. ஞானஸ்நானச் சான்றிதழ் இல்லாமல் தாலி கட்டவிட முடியாது என்றார் ஜெர்மன் பாதர். புத்தகம் எரிந்த கதையைச் சொன்னதும், குடும்பத்துக்கு வெளியே ஒருவர் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தால் போதும் என்று இறங்கி வந்தார். அதற்கு அண்ணையை விட்டால் யார்? அம்மா மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று முனகிக்கொண்டே கூட வந்தார்.

பேனாவைத் திறந்த அண்ணை, திரும்ப மூடினார்.

"பொய்ச் சத்தியம் ஏலாது பிள்ளை. உமக்குத் தண்ணி ஊத்தேல்லை. கொக்காவுக்குத்தான் ஊத்தினது."

எனக்கு அக்காவே கிடையாது. நான்தான் வீட்டுக்கு மூத்தவள். அம்மாவைப் பார்த்தேன். அம்மா யன்னலைப் பார்த்தார்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். ஒரு புனிதைக்கு நேர்த்தி வைத்துப் பிறந்த முதல் பெண் குழந்தைக்கு அவருடைய பெயரையே வைத்தார்களாம், றீற்றா என்று. மூச்சு இழுக்கிறது என்று மருத்துவிச்சியே அவசரமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அன்றைக்கே குழந்தை போய்விட்டது. சாவு மணி அடித்தவர் அண்ணை. அடுத்து நான் பிறந்தேன். அதே நேர்த்தி, அதே பெயர். இடம்பெயர்ந்து ஓடிய ஓட்டத்தில் பாதரும் இல்லை, கோயிலும் இல்லை.

"பேர் ஒண்டுதானே. ஒருக்கா குடுத்தது ரெண்டு பேருக்கும் காணுமெண்டு விட்டிட்டன்" என்றார் அம்மா.

நான் வாங்கிய முதல் நன்மை அப்பம், செய்த பாவசங்கீர்த்தனம் எல்லாம் யாருடைய பெயரில்? மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஓகே, அப்போ நான் கட்டிக்கப் போற றீற்றா யாரு?" என்றார்.

இவ்வளவு காலமும் ஏன் 'ரெண்டு பேரும் சுகமோ' என்று கேட்டீர்கள் என்று அண்ணையிடம் சண்டைக்குப் போனேன்.

"அவவை ஒருத்தரும் சுகம் கேக்கிறேல்லை, பிள்ளை. அதுதான் நான் கேட்டனான்."

பாதர் நல்ல மனுஷர். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு ஞானஸ்நானம் தந்தார். ஞானத்தகப்பன் அண்ணைதான். இரண்டு மெழுகுதிரிகளோடு வந்து நின்றார். ஒன்று போதுமே என்றார் பாதர். மருத்துவிச்சி தண்ணீர் ஊற்றினாளே தவிர மெழுகுதிரி கொளுத்த நேரமிருக்கவில்லை, அந்தக் கடன் தன்னுடையது என்றார் அண்ணை. இரண்டாவதைக் கொளுத்தி, எனக்குப் பக்கத்து வெற்றிடத்தின் முன்னால் வைத்தார். கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. என் கையிலிருந்த சுடர் அசையவில்லை. அந்தச் சுடர் மட்டும் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. சின்னப் பிள்ளை ஊதினால் அப்படித்தான் சாயும். அன்று என் தோள் குளிரவில்லை.

போன மார்கழியில் அண்ணை காலமாகிவிட்டார். இப்போது எல்லோரும் என்னை மட்டும்தான் சுகம் கேட்கிறார்கள். பூசையில் யாராவது பக்கத்தில் உட்கார வந்தால், "ஆள் இருக்கு" என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பக்கமும்.