ஏணியாரின் இடது காது

நான் அப்போது மைசூரில் ஓர் அரசுக் கல்லூரியின் முதல்வர், கெஸட்டட் அதிகாரி. சரஸ்வதிபுரத்தில் நான் நடந்துவந்தால் என் தெருவினர் ஸ்கூட்டர் ஹாரனைக்கூட அடக்கியே ஒலிப்பார்கள். இந்த மரியாதையை இம்மியும் பொருட்படுத்தாதவர் ஒருவர் இருந்தார். தீயணைப்புத் துறையில் பணியாற்றிய கொள்ளேகாலத்துக்காரர். தெரு அவரை ஏணியார் என்றது.

உலகில் கதவு என்ற ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதை ஏணியார் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. இரண்டு முறை தட்டுவார். மூன்றாவது முறைக்குப் பதிலாக மாடி ஜன்னலில் தென்படுவார். கல்யாண மண்டபத்தில் மணமக்களை வாழ்த்துமுன் வெளியேறும் வழிகளை எண்ணுவார். எங்கள் புதுமனை விழாவில் ஹோமம் கொழுந்துவிட்டபோது மணல் வாளியுடன் வந்து நின்றார். புரோகிதர் மந்திரத்தைச் சுருக்கிக்கொண்டார்.

ஓய்வு பெற்று ஐந்து மாதமாகியும் அவருக்கு ஓய்வூதியம் வரவில்லை. பணியில் சேர்ந்த நாளில் பதிவேட்டில் எழுதிய அங்க அடையாளம், இடது காது மடலின் கீழ்நுனியில் ஒரு மச்சம். ஓய்வூதிய அலுவலக எழுத்தர், "மச்செ எல்லி?", அதாவது மச்சம் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார், அதைக் காணாமல் கோப்பைத் திருப்பிவிட்டார். கெஸட்டட் அதிகாரி ஒருவர் நேரில் பார்த்துச் சான்றளிக்க வேண்டுமாம்.

ஏணியார் என் ஜன்னல் வழியாக வந்தார். காதில் மச்சம் இருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். மச்சம் கைக்குட்டைக்கு வந்தது.

"வூட்டுக்காரி கண்மைங்க சார்."

"இது வலது காது."

"இடதுல வெக்கறதுக்கு எடம் இல்லீங்களே."

உண்மை. இடது காதின் கீழ்ப்பாதியே இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தருகே எரிந்த கொட்டகைக்குள் நுழைந்து ஓர் எருமையை அவிழ்த்துவிட்டபோது வெந்துபோனதாம். அன்றைய அறிக்கையின் நகலைக் காட்டினார். அவரே எழுதியது. "சேதம்: ஏதுமில்லை."

"காது போனது சேதமில்லையா?"

"அந்தக் கட்டம் சர்க்கார் சாமானுக்குங்க சார். காது என் சொந்தமுங்க."

"ஆஸ்பத்திரிச் சீட்டு?"

"மஞ்சளும் தேங்காயெண்ணெயும் சீட்டுக் குடுக்காதுங்களே."

ஆதாரமின்றிப் பச்சை மையைத் தொடுவது என் வழக்கமல்ல, சொல்லிவிட்டேன். ஏணியார் முதல் முறையாக என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பொண்ணு வூட்டுல போய்க் கை நீட்டலாங்கறா வூட்டுக்காரி. அதுக்கு நான் அந்தக் கொட்டாயிலயே வெந்து போயிருக்கலாமுங்க சார்."

மறுநாள் அவருடன் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பேருந்தில் ஏறினேன். கொட்டகைக்குச் சொந்தக்காரரான முதிய விவசாயி, ஏணியாரைக் கண்டதும் கூவினார்.

"ஏ கிவி! ஈக பந்த்யா?"

காதே, இப்போதுதான் வந்தாயா என்று பொருள். அந்த ஊரில் அவருக்கு வேறு பெயரே இல்லை. எங்கள் எருமைக்காகப் போன காது இது என்று கன்னடத்தில் எழுதிக் கையெழுத்திட்ட விவசாயி, அந்த எருமையின் பேத்தியையும் சாட்சிக்கு ஓட்டிவந்தார். தேவையில்லை என்றேன்.

"மச்சம் இருந்த இடம் அரசுப் பணியில் எரிந்துவிட்டது; மற்றபடி மனிதர் இவரே" என்று சான்றளித்தேன். ஓய்வூதியம் வந்தது.

முதல்வர் இரக்கப்பட்டு, எதையும் பார்க்காமல் கையெழுத்திட்டார் என்று தெருவில் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. மச்சம் இல்லாத அந்த இடத்தை என் விரல்களால் தொட்டு, வேண்டிய நேரம் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன்.