கண்ணில் ஒரு நடவு

2009 ஜூன் 14, ஞாயிறு. எழுந்ததும் நாட்குறிப்பில் தேதி எழுதினேன். இரண்டு சட்டை துவைத்தேன். ஒருவனுக்கு மட்டும் சோறு வடித்தேன். திண்டிவனத்தில் என் ஞாயிறுகள் எல்லாமே இப்படித்தான். பேச்சுத்துணை என்றால் பக்கத்து அறையில் இருந்த சுண்ணாம்பு ஒருவர்தான்.

உலகத்தின் இடது பாதியை அடியோடு தள்ளி வைத்துவிட்ட ஒரே மனிதர் அவர். தொழில் வெள்ளையடிப்பது. எப்போதோ சுண்ணாம்பு தெறித்து இடது கண் வெந்துபோனது. பெயரும் அதுவே ஆகிவிட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், இடப்பக்கம் காலியென்று நினைத்து வாளியை வைப்பார். எங்கள் தெருவில் அந்த வாளியைச் சுமக்காத மடி கிடையாது.

அந்த வருடம் ஒரு கண் டாக்டர் அவருக்கு ஸ்டெம் செல் வைத்தியம் சொன்னார். சுண்ணாம்பு நேராக டீக்கடைக்கு வந்தார்.

"என் கண்ணுல செல்லு வைக்கப் போறாங்கப்பா!"

"யோவ் சுண்ணாம்பு, உள்ள டவர் எடுக்குமா?" என்றார் கடைக்காரர்.

"அந்தச் செல்லு இல்லய்யா! நல்ல கண்ணோட ஓரத்துல துளியூண்டு கிள்ளி, நாத்து உட்டு வளத்து, வெந்த கண்ணுல நடவு பண்ணுவாங்க."

"அறுப்பு எப்போ?"

கடையே சிரித்தது. ஆனால் நடவுதான் நடக்கவில்லை. வெயில் தணியட்டும் என்றார் சுண்ணாம்பு. கோலியனூரில் ஒரு கல்யாண வீடு பாக்கி என்றார். ஆஸ்பத்திரிக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். பயந்தாங்கொள்ளி என்றது தெரு.

அந்த ஞாயிறு மாலை, நான் கேட்காமலே வந்து என் அறைக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தார்.

"நாளைக்கு ஆபீஸு இருக்குதா சார்?"

"இருக்கு. ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

அடித்த இடத்திலேயே இன்னொரு தடவை அடித்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்:

"கூட ஒரு ஆளு வந்தாத்தான் பெட்டு குடுப்பாங்களாம். நான் யார இட்டுகினு போறது? இந்தச் செவுத்தையா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை நாட்குறிப்பைத் திறக்கவில்லை. முதல் வேலையாக அவர் கதவைத் தட்டினேன். பஸ்ஸில் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில், காலி இடம் என்று துணிப்பையை என் மடியில் வைத்தார். இறங்கும்வரை நான் அசையவில்லை.