ஒண்ணுமில்லைக்காரர்

ஒண்ணுமில்லைக்காரரை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அடையாளம்தான் தெரிந்திருக்காது. இந்த இனம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் கலப்படமில்லாத அசல் சரக்கு வேண்டுமென்றால் ஜூலை மாதம் அமெரிக்காவில் மோண்டானாப் பக்கம் வந்து, முரட்டுக் குதிரை ஏறிப் பந்தயம் கட்டுகிற ஏதாவதொரு ரோடியோ மைதானத்தின் வேலியோரம் நில்லுங்கள். அரை டன் குதிரை ஒன்று ஒருவரைத் தூக்கி எறியும். அவர் தலைகீழாகப் பறந்து, மூக்கால் மண்ணை உழுது, நாலு உருண்டை உருண்டு அடங்குவார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அவர் எழுந்திருப்பார். எழுந்ததும் எதைத் தேடுவார் என்று நினைக்கிறீர்கள்? பல்லையா? விலா எலும்பையா? தொப்பியை! அதை எடுத்துத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு, யார் தோளிலும் கை போடாமல், வெளியே நடந்து வருவார். "என்னப்பா ஆச்சு?" என்று கேளுங்கள்.

"ஒண்ணுமில்ல" என்பார். அவர்தான்.

பத்தொன்பது வருஷமாக நானும் குதிரை ஏறிக்கொண்டு இந்த ஜென்மங்களோடு ஒரே பிக்கப் வண்டியில் குப்பை கொட்டுகிறேன். காலையில் ஒரு ஊர், சாயங்காலம் இன்னொரு ஊர், நடுவில் நானூறு மைல். சாப்பாடு பெட்ரோல் பங்கில் விற்கிற, எப்போது சுட்டார்கள் என்று கேட்கக் கூடாத தொத்திறைச்சி. மருந்து குதிரைக்குத் தடவுகிற தைலம். உடைந்தது எதுவாக இருந்தாலும், வண்டியின் கண்ணாடியோ முழங்காலோ, சுற்றிக் கட்ட ஒரே டேப். குளியல்? அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

என் வண்டிக் கூட்டாளி வெண்டல் கிரெப்ஸ். இனத்தின் மாதிரியாகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், அவ்வளவு சுத்தம். குதிரை மிதித்துக் கால் விரல் மூன்று ஒடிந்தபோது, "பூட்ஸ் கொஞ்சம் இறுக்கம்டா" என்றான். விலா இரண்டு போனபோது, "நேத்து மிளகாய் ஜாஸ்தி" என்றான். தாடையை உடைத்துக்கொண்டு கம்பி போட்டுக் கட்டி வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வாய் திறக்கவில்லை. ஆனால் கையை ஆட்டி ஒண்ணுமில்ல என்றான். இவன் மனைவி மார்லா ஃபோனில் கேட்டால் ஒண்ணுமில்ல. டாக்டர் கேட்டால் ஒண்ணுமில்ல. செத்துப்போய் மேலே போனாலும் வாசலில் நின்று, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பான்.

இப்போது ஒரு வேடிக்கை சொல்கிறேன். தன் உடம்பைப் பற்றி இப்படி வாய் கூசாமல் புளுகுகிற இதே ஆட்கள், குதிரையைப் பற்றி மட்டும் ஒரு பொய் சொல்ல மாட்டார்கள். குதிரையை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது, சீட்டுக் குலுக்கிக் கொடுப்பார்கள். எட்டு விநாடி ஒரே கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே இருக்க வேண்டும். மார்க்கில் பாதி ஆளுக்கு, பாதி குதிரைக்கு; துள்ளாத குதிரை வந்தால் ஏறுவதே வீண். அதனால் அதன்மேல் முன்பு ஏறியவனிடம் போய்க் கேட்பார்கள். அவன் அன்றைக்கு இவனுக்கே எதிராளியாக இருப்பான். இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்வான். எந்தப் பக்கம் சாயும், சேணத்திலிருந்து கயிறு எவ்வளவு நீளம் விட வேண்டும், முஷ்டியால் அளந்து ஒரு பிடியா, கட்டைவிரலையும் சேர்த்தா, எல்லாம். கயிறு நீண்டால் பின்னால் விழலாம், குட்டையானால் குதிரை தலையைத் தாழ்த்தும்போது ஆளையும் சேர்த்து முன்னால் இழுத்துப் போட்டுவிடும். இரண்டு விரல் வித்தியாசத்தில் கழுத்து இருக்கிறது. இதில் பொய் சொன்னவனோடு யாரும் ஒரு வண்டியில் ஏற மாட்டார்கள். கோயில் மாதிரி அது.

அந்தக் கோயிலில்தான் நான் செருப்புப் போட்டுக்கொண்டு நுழைந்தேன்.

ஜூலை இரண்டாம் தேதி வெண்டல் தலை குத்தி விழுந்தான். தொப்பி, தொடை, இரண்டு தட்டு, நடை, ஒண்ணுமில்ல. எல்லாம் முறைப்படி நடந்தது. மறுநாள் காலை வண்டி ஓட்டும்போது, "இடது பக்கம் வண்டி வருதா பாருடா" என்றான்.

"நீ பாக்க வேண்டியதுதானே?"

"வெயில் அடிக்குது."

வெயில் வலது பக்கம் இருந்தது. தலையைத் திருப்ப வேண்டுமென்றால் இடுப்போடு சேர்த்து அலமாரி மாதிரி திரும்பினான். காப்பியை அண்ணாந்து குடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் கேட்டு வாங்கினான். சூடான காப்பிக்கு! இதையெல்லாம் கிண்டல் செய்துகொண்டுதான் வந்தேன். அப்புறம் அவன் இடது கையிலிருந்து கோப்பை நழுவி மடியில் கொட்டியது. அவன் துள்ளவில்லை, கத்தவில்லை, தன் விரல்களை யாரோ வேற்றாள் விரல் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"மரத்துப் போச்சாடா?"

"ஒண்ணுமில்ல. தூங்கும்போது அமுங்கியிருக்கும்."

அப்படி விரல் மரத்துப்போனபின் குதிரை ஏறிய ஒருவனை எனக்குத் தெரியும். அவன் இப்போது சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ரோடியோ பார்க்கிறான். கேட்டால் அவனும் ஒண்ணுமில்ல என்றுதான் சொல்கிறான்.

ஆஸ்பத்திரிக்கு வா என்று கெஞ்சினேன். அசைவானா? அன்று மத்தியானம் மார்லா எனக்கு ஃபோன் செய்தாள். "லைல், அவரு எப்படி இருக்காரு? மறைக்காம சொல்லு." பக்கத்திலிருந்து வெண்டல் முறைத்தான். நான் என்ன சொன்னேன்? "ஒண்ணுமில்ல மார்லா" என்றேன். பத்தொன்பது வருஷப் பழக்கம், லேசில் விடுமா?

நாலாம் தேதிக்கு வெண்டலுக்கு விழுந்திருந்த குதிரையின் பெயர் 'சண்டே ஸ்கூல்'. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். முந்தின செப்டம்பரில், வெண்டல் தன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த வாரம், அது என்னை நாலே விநாடியில் வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தது. அப்படிப்பட்ட குதிரைக்காக ஒருவன் சொந்தச் சகோதரனையே விற்பான்.

"நீ ஏறியிருக்கியேடா. எப்படி?" என்று கேட்டான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கறவை மாடுடா அது" என்றேன். "கதவைத் திறந்தா வேலியோரமா வாக்கிங் போகும். அறுபது மார்க் தேறாது. பேசாம விலகிக்கோ."

அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. "நீ சொன்னா சரிடா" என்று சொல்லி, ஃபோன் போட்டு விலகிவிட்டான். சந்தேகப்பட்டு நாலு கேள்வி கேட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

இதோடு நின்றிருந்தால் நான் ஒரு தியாகி. நிற்கவில்லையே! நாலாம் தேதி எனக்குக் கிடைத்த குதிரை கதவு திறந்ததும் நடுமைதானத்தில் போய் நின்று காதைச் சொறிந்தது. நடுவர்கள் மனமிரங்கி, "வேற குதிரை தர்றோம், ஏறுறியா?" என்றார்கள். ஆளில்லாமல் நின்றது எது? சண்டே ஸ்கூல். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நியாயமான மனிதன் சொல்லியிருப்பான். நானோ அந்த வார்த்தையை வாயில் தேடிக்கொண்டிருக்கும்போதே சேணத்தில் இருந்தேன்.

எட்டு விநாடி. எண்பத்தாறு மார்க். முதல் பரிசு. என் வாழ்க்கையிலேயே நான் செய்த சிறந்த சவாரியை, வேலிமேல் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பித் திரும்பி, வெண்டல் முழுதாகப் பார்த்தான். நான் வெளியே வந்ததும் சொன்னான்:

"கறவை மாடு நல்லா கறந்துச்சு."

"டேய், உன் கழுத்துக்காகத்தான்டா..."

"என் கழுத்துக்கு என்ன? ஒண்ணுமில்ல."

இந்த ஆளிடம் எப்படி வாதாடுவது? அதற்குப் பிறகு முந்நூறு மைல் பேச்சில்லை. சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே வந்தான், என் பக்கம் திரும்பவில்லை. திரும்பவும் முடியாது என்பது வேறு விஷயம். நாங்கள் போவதற்குள் செய்தி போய்விட்டது. அடுத்த மைதானத்தில் எல்லோரும் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கண்ணுக்குமேல் இறக்கிக்கொண்டார்கள். "லைல், என் குதிரையப் பத்தி உன்னைக் கேக்கலாம்னு நெனச்சேன்" என்றான் ஒருவன். "அப்புறம் குதிரையையே கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்." எனக்கு அழுகை வந்தது. வெயில் அடிக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

அங்கே எனக்கு விழுந்த குதிரை 'வக்கீல்'. அதன்மேல் வெண்டல் இரண்டு தடவை ஏறியிருக்கிறான். நான் கேட்கவில்லை; எந்த முகத்தோடு கேட்பது? ஆனால் நான் குதிரையை அடைத்திருந்த கூண்டின் மேலேறிச் சேணத்தை இறுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான். வழக்கம்போல நல்ல கையால் வாரைப் பிடித்துக் கொடுத்தான். "ஒரு பிடி, கட்டைவிரல், அதுக்கு மேல ரெண்டு விரல். தாராளமா விடு. தலைய ரொம்பத் தாழ்த்தும்" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ரொம்ப நீளம் சொல்கிறானே! பழி வாங்குகிறானோ? நான் செய்ததற்கு அவன் செய்தால் தப்பா? குதிரையைப் பற்றி ஆயுசில் ஒரே ஒரு பொய் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த கூலி, எதிரே நிற்கிறவன் மெய் சொன்னால் நம்ப முடியாமல் போனது. யாரும் பார்க்காதபோது அந்த இரண்டு விரலைக் குறைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. வக்கீல் தலையைத் தாழ்த்தியது. கயிறு போதவில்லை. நான் அதன் காதுகளுக்கு நடுவே பறந்து போய் இடது தோளில் இறங்கினேன். உள்ளே ஏதோ முறுக்கு மாதிரி நொறுங்கியது. எழுந்தேன். தொப்பியைத் தேடினேன். நடந்தேன்.

வாசலில் வெண்டல். "எவ்வளவு விட்டே?"

"ஒரு பிடி, கட்டைவிரல்."

"நான் எவ்வளவு சொன்னேன்?"

நான் தரையைப் பார்த்தேன். அவன் என் தோளைப் பார்த்தான். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. "தோளுக்கு என்னடா?"

"ஒண்ணுமில்ல."

சிரித்தான் பாருங்கள்! இரண்டு நாளைக்குச் சேர்த்து வைத்துச் சிரித்தான். சிரிப்பு குலுக்கியதில் கழுத்து இழுத்துக்கொள்ள, "ஐயோ அம்மா!" என்று வேலியைப் பிடித்துக்கொண்டான். பத்தொன்பது வருஷத்தில் அவன் வாயிலிருந்து வலியென்று வந்த முதல் சத்தம் அதுதான். என் தொப்பி கீழே விழுந்தது. என்னைத் தோள் குனிய விடவில்லை, அவனைக் கழுத்து குனிய விடவில்லை. இரண்டு வீரர்களும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கடைசியில் சோடா விற்கிற அம்மாள் எடுத்துக் கொடுத்தாள்.

"குதிரையப் பத்திப் பொய் சொல்லிட்டியேடா" என்றான்.

"நீ கழுத்தப் பத்திச் சொல்லலையா?"

"அது என் கழுத்து. குதிரை எல்லாருக்கும் பொது."

"சரி, தப்புத்தான். ஆஸ்பத்திரிக்கு வர்றியா?"

"நீ காட்டினா நானும் காட்றேன்."

காட்டினோம். எனக்குத் தோள்பட்டை எலும்பு இரண்டு துண்டு. அவன் படத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இந்தக் கழுத்தோடயா நாலு நாளா சுத்தினீங்க? இன்னொரு தடவை விழுந்திருந்தா, கழுத்துக்குக் கீழ எதுவும் உங்க பேச்சைக் கேட்டிருக்காது" என்றார். வெண்டல் உணர்ச்சி இருந்த கையால் என் முழங்காலை ஒரு தடவை அழுத்தினான், அவ்வளவுதான். எனக்கு அது எண்பத்தாறு மார்க்கைவிட மேல்.

அப்போது ஃபோன் அடித்தது. கழுத்துப் பட்டையோடு எடுத்த அந்த மகானுபாவன், "ஒண்ணுமில்ல மார்லா" என்றானே பார்க்கலாம்! பிடுங்கினேன். "கழுத்து எலும்பு உடைஞ்சிருக்கு மார்லா. பொழைச்சுக்கிட்டான். இனிமே ஏற மாட்டான்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகை மட்டும் கேட்டது.

"ரொம்ப நன்றி லைல். நீ எப்படி இருக்கே?"

"எனக்கென்ன? ஒண்ணுமில்ல" என்றேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் பிடிக்கிறதே, அதை வீட்டில் யாரிடம் சொன்னீர்கள்? போன மாதத்திலிருந்து ஒரு பக்கமாகவே மெல்லுகிறீர்களே, ஏன்? எனக்குச் சொல்ல வேண்டாம், நான் டாக்டர் இல்லை. ஒன்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் ஆசையாகப் போகவிருந்த ஏதாவதொன்றை, உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கிற ஒருவர் சமீபத்தில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அதுல ஒண்ணும் விசேஷமில்ல, போக வேண்டாம்" என்று சொன்னாரா?