பாதி பரலோகம்

உலகத்திலேயே பெரிய பிடிவாதக்காரருக்கு என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் மரக்காணத்து ஆள் ஒருவர் கலந்துகொள்ளாமலே முதல் பரிசு வாங்கிவிடுவார். வாய்யா என்று கூப்பிட்டால் வரமாட்டேன் என்பார். அதற்கே பரிசைக் கொடுத்துவிடுவார்கள். ஊரில் அவருக்குப் பெயர் பாதி பரலோகம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர், ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் அவர் மனைவிக்கே ஞாபகம் வரும்.

இயேசு சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த செபத்தை நாங்கள் பரலோக மந்திரம் என்போம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கோயிலே எழுந்து நின்று சொல்லும். இவரும் தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவார். ஆனால், பிறரை நாங்கள் மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்று வருகிற இடத்தில் டக்கென்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த பெஞ்சு வேறு கிரீச்சென்று கத்தும். கீபோர்டு வாசிக்கிற எனக்கு ஒவ்வொரு வாரமும் தூக்கிவாரிப் போடும். மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

அதற்கு முன்னாலும் மனிதர் சும்மா இருந்ததில்லை. உப்பளத்தில் பாத்தி கட்டுவது அவர் தொழில். கோடையில், தெருக்காரர்கள் வீட்டில் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் எல்லோரும் பரலோக மந்திரம் சொல்லி முடித்த கையோடு, "மழை மட்டும் வேணாம் ஆண்டவரே" என்று வேண்டிக்கொண்டால், இவர் குறுக்கே பாய்வார்.

"இப்பதான் உம்ம இஷ்டப்படி நடக்கட்டும்னு சொன்னீங்க. மூச்சு வாங்கறதுக்குள்ள நம்ம இஷ்டத்தைச் சொல்றீங்களே? அந்தாண்ட கிளியனூர்க்காரன் நெல்லுக்கு மழை கேக்கறான். அவரு யாரு பேச்சைத்தான் கேப்பாரு?"

மறுநாளே மழை கொட்டித் தொலைத்தது. ஒரு வாரத்துக்கு யாரும் அவரோடு பேசவில்லை.

இன்னொரு முறை மனைவி இருபத்தைந்து கிலோ அரிசி வாங்கிவிட்டாள். "மந்திரத்துல இன்னைக்கு சோறு குடுன்னுதானே கேட்டோம்? மூட்டை எதுக்கு?" என்று குதித்தார். "அப்ப நாளைக்கு ஆண்டவர்கிட்டயே போய்ச் சாப்பிட்டுக்கோ" என்றாள் அவள். அந்த மூட்டை கடைசியில் பக்கத்து வீட்டில் இருக்கும் என் கட்டிலுக்கு அடியில் வந்து சேர்ந்தது.

ஃபாதருக்கும் ஒருநாள் பொறுமை போய்விட்டது. "ஏம்பா, ஊரே சொல்லுது. நீயும் முழுசா சொல்லிட்டுப் போயேன்."

"ஃபாதர், சீசன் ஆரம்பத்துல நான் ஒரு பாத்தியைக் கட்டி, காலால மிதிச்சு, மட்டம் பாத்து வைக்கறேன். மத்தவங்க அதைப் பாத்துத்தான் தங்க பாத்தியைக் கட்டறாங்க. கட்டாம, தெனம் வந்து என் பாத்தியை ஆகா ஓகோன்னு சொல்லிட்டுப் போனா அவங்களுக்கு உப்பு வெளையுமா? இந்த மாதிரி செபம் பண்ணுங்கன்னு அவரு குடுத்தது மாதிரிப் பாத்தி. அந்த அளவுக்கு நாம கட்டணும். எனக்கு ஒரு வரப்பு நிக்கல. நிக்காத வரப்பை நிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

அடுத்த ஞாயிறு ஃபாதருடைய பிரசங்கம் முழுக்க இதே பாத்திதான். சொன்னவர் பெயரை மட்டும் சொல்லவில்லை.

நிற்காத அந்த வரப்பு, அவருடைய சொந்த அண்ணன். இருவர் பாத்திகளுக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் திடீரென்று கோடை மழை கொட்டியபோது, அண்ணன் அதை வெட்டிவிட்டார். அவர் பக்கத்துத் தண்ணீர் மொத்தமும் தம்பி பாத்தியில் இறங்கி, வாருவதற்குத் தயாராக இருந்த உப்பு அப்படியே கரைந்து போனது. அன்றோடு பேச்சு நின்றது, மந்திரமும் பாதியில் நின்றது.

இந்த லட்சணத்தில் ஒரே மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை புதுச்சேரி.

"அப்பா, அவங்க வீட்டு ஆளுங்க முன்னாடி நீ பாதியில ஒக்காந்தீன்னா என் மானமே போயிடும். ஒரே ஒரு நாள், வாயாலயாச்சும் சொல்லிடுப்பா."

"வாயால சொல்றதுக்கு டேப் ரெக்கார்டர் போதும்மா."

அவளும் அவர் பெற்றதுதானே! "அப்ப சரி. பெரியப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு நான் கோயிலுக்குள்ள போறேன். நீ வெளியவே ஒக்காந்துக்கோ" என்று சொல்லிவிட்டாள்.

மனிதர் இரண்டு நாள் சோறு தண்ணி தொடவில்லை. நான் பார்க்கப் போனேன். "டீச்சர், எம்பொண்ணை நான்தானே கூட்டிக்கிட்டுப் போகணும்? பொய் சொல்லிட்டுப் போகவும் முடியல, போகாம இருக்கவும் முடியல" என்றார்.

மூன்றாம் நாள் காலை, மம்பட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு டிவிஎஸ் வண்டியில் அண்ணன் பாத்திக்குக் கிளம்பிவிட்டார். அவ்வளவுதான், வெட்டுக்குத்து என்று தெருவே அலறியது. நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே பறந்தேன்.

அண்ணன் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார். இவர் வரப்பில் ஏறி நின்று, "அண்ணே, அசையாம நில்லு. உன்னை மன்னிக்கறதுக்கு வந்திருக்கேன்" என்றார்.

"யாரு, நீ? என்னை? மம்பட்டியோடயா?"

"வேலைக்குப் போற வழியில வந்தேன்."

அண்ணனுக்கு வந்ததே கோபம்! "அன்னைக்குத் தண்ணி மோட்டார் கொட்டாய்க்குள்ள ஏறிடுச்சு. உள்ள கரண்டு, உள்ள ஆளுங்க. வெட்டிட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வெட்டியிருக்கணும், தப்புதான். அதைச் சொல்லத்தானேடா நாலு வாட்டி உன் பாத்திக்கு வந்தேன்? நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள டீசல் இன்ஜினைப் போட்டுட்டு, காது கேக்காத மாதிரி நின்னியே! நாலு வாட்டிடா!"

இவர் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அந்த வரியில எங்களையும் மன்னியும்னு இருக்குது இல்ல?"

"இருக்குண்ணே. அதுக்குத்தானே அந்த வரியே."

"மூணு வருசமா இவன் செஞ்சதை மட்டும்தான் பாத்தேன். நான் செஞ்சதைப் பாக்கவேயில்லையே."

மம்பட்டியைக் கீழே போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கி, அண்ணன் பக்கத்தில் நின்று மிதிக்க ஆரம்பித்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை இருவரும் அதற்கப்புறம் எடுக்கவேயில்லை. "நல்லா அழுத்தி மிதிடா" என்று அண்ணன் மட்டும் திட்டிக்கொண்டே இருந்தார்.

கல்யாணத்தன்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி வந்தார். முதல் பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் நின்றார். பரலோக மந்திரம் ஆரம்பித்தது. அந்த இடம் வந்ததும், பாழாய்ப்போன பழக்கம், வாய் தானாக மூடிக்கொண்டது, முழங்காலும் மடங்கியது. ஸ்டெல்லா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அண்ணன் சட்டென்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அதற்குள் கோயில் மொத்தமும் ஆமென் சொல்லி முடித்துவிட்டது. ஃபாதர் அடுத்ததை ஆரம்பிக்கவில்லை. புதுச்சேரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அமைதியில் அவர் ஒருவர் மட்டும், விட்ட வரியை அழுத்தம் திருத்தமாக, முழுசாகச் சொன்னார்.

சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தார். அதற்கு மேல் வரவில்லை! மூன்று வருஷமாக அந்த இடத்தைத் தாண்டாத நாக்கு. போதாததற்குக் கண்ணில் தண்ணீர் வேறு.

அண்ணன் அவர் காதோரம் குனிந்தார். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுத்தார். இவர் வாங்கி வாங்கிச் சொன்னார். ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தாள். கடைசியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆமென் சொன்னபோது, ஏற்கெனவே சொல்லி முடித்த கோயில் முழுக்க இன்னொரு தடவை ஆமென் சொன்னது. நானும் வாய்விட்டுச் சொன்னேன். அந்த மனிதர் நூறு வயசு நன்றாக இருக்கட்டும்.