மோட்டாருக்குக் குடை பிடித்தவர்

வாட்டர்ப்ரூஃப் பூச்சு பூசிய கூரையில் தண்ணீரைத் தேக்கிச் சோதிக்க வேண்டும். பொறியாளர் வந்து பார்க்கும்வரை அதைத் திறந்துவிடக் கூடாது. விதி இதுதான். பணிக்காலம் முழுக்க இதைப் பிறருக்கு ஓதி, ஓய்வு பெற்றவன் நான்.

மதுரையில் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிப்பவர்கள் ஏராளம். மோட்டாருக்குக் குடை பிடித்தவர் ஒருவர்தான். ஆனையூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறையின் ஆபரேட்டர். பெயர் என்னவோ, தெருவுக்கு அவர் ‘குடை’. அறையின் கான்கிரீட் கூரை ஒழுகும். ஒருமுறை ஸ்டார்ட்டர் பெட்டி நனைந்து புகைந்து, தெருவே குடத்தோடு அலைந்தது. அன்றிலிருந்து பெட்டிக்கு மேல் தன் குடையை விரித்துக் கட்டிவிட்டு, இவர் நனைந்தபடி வீட்டுக்குப் போவார்.

நான் விடுவேனா? மனுமேல் மனு போட்டுக் கூரைக்குப் பூச்சு பூச வைத்தேன். மழைநீர்க் குழாயின் வாயை நானே சாக்கால் அடைத்து, தண்ணீர் நிரப்பினேன். கீழே ஒரு சொட்டு இல்லை.

“ஒழுகல சார். தொறந்து விட்ருவமா?”

“இன்ஜினியர் பாக்கணும்ப்பா. லெட்டர் போட்டிருக்கேன்.”

இன்ஜினியர் வரவில்லை. காக்கைகள் வந்து குளித்தன. பிறகு கொசு. குடை எங்கிருந்தோ கொசுப்புழு தின்னும் குட்டி மீன்களைக் கொண்டுவந்து மேலே விட்டார். “தெப்பம் எப்ப சார்?” என்று போவோர் வருவோரெல்லாம் என்னைக் கேட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு மதியம் மழை பிடித்துக்கொண்டது. தேங்கிய தண்ணீர் கைப்பிடிச் சுவரில் ஏறியது. மின்கம்பி உள்ளே இறங்கும் துளை அந்தச் சுவரில்தான் இருக்கிறது. எல்லா விதியும் தெரிந்த நான் அதை அடைக்கச் சொல்ல மறந்திருந்தேன். இன்னும் நாலு விரல் ஏறினால் தண்ணீர் நேராக ஸ்டார்ட்டரில் இறங்கும்.

நான் ஓடிப்போனபோது குடை ஏணியில் கால் வைத்திருந்தார்.

“தொடாதப்பா! இன்னும் வந்து பாக்கல!”

“விதிய நீங்க பாத்துக்கங்க சார். மோட்டார நான் பாத்துக்கிறேன்.”

எனக்கே வெட்கமாகிவிட்டது. “எறங்கு. அடைச்சவன் நான், நானே எடுக்கிறேன்.”

“அப்பச் செத்த பொறுங்க!” உள்ளே ஓடி, ஸ்டார்ட்டருக்கு மேல் இன்னும் கட்டியிருந்த குடையை அவிழ்த்து வந்து, குழாய்க்கு அடியில் தலைகீழாகப் பிடித்தார். “மீனு விழுகும்ல!”

“ஸ்டார்ட்டர் நனையுமேப்பா?”

“அதான் நீங்க பூசி வச்சிருக்கீங்கள்ல சார்.”

என் வேலைக்குக் கிடைத்த ஒரே ஒப்புதல் அதுதான். மேலே ஏறிச் சாக்கை இழுத்தேன். மீன் குடைக்குள், தண்ணீர் அவர் தலையில். மறுநாள் காலை தெருவுக்குத் தண்ணீர் வழக்கம்போல் வந்தது.

தை மாதத்தில் ஒருநாள் பதிலும் வந்தது: ‘ஆய்வுக்கு வருகிறோம். தேக்கிய நீரை அப்படியே வைத்திருக்கவும்.’

குடையிடம் காட்டினேன். அவர் மூலையிலிருந்த மீன் வாளியைப் பார்த்தார். “ஒங்களுக்கு ஒரு பேச்சு வரக்கூடாது சார். மோட்டாரப் போட்டு மறுபடி ரொப்பிருவோம்.”

அன்று வண்டியூரில் தெப்பத் திருவிழா.